லோகநாதன் பெயரில் என் வயிறு

தாராபுரம்,
11-6-2054

அந்த மனுவில் என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்திட்ட இருநூற்றுப் பதினாறு பேருக்கும், ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் சென்னியப்பன் எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன், நலமாகவும் இருக்கிறேன். இரண்டில் முதலாவதுதான் பெரிய செய்தி என்பதால் அதை முன்னால் எழுதினேன்.

உங்களில் பத்தொன்பது பேர் இன்று இல்லை. அவர்கள் வீடுகளுக்கும் பிரதி அனுப்புகிறேன். முகவரி சரிபார்க்கப் போனபோது மூன்று வீடுகளில் ஒரே பதிலைக் கேட்டேன். “நல்லாத்தான் இருந்தாருங்க. முதுகு வலிக்குதுன்னாரு, வயித்தப் புடிச்சாரு, அவ்வளவுதான்.” அந்த மூன்று பேரிடமும் வீடு தேடிப் போய்க் கையெழுத்து வாங்கியவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நாற்பத்தெட்டாம் ஆண்டு அரசாங்கம் சலூன்களுக்கு நாற்காலி கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காது நாற்காலி என்று நாமே பெயர் வைத்தோம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சந்தோஷ் நடத்தும் நியூ ஸ்டைல் சலூனுக்கும் ஒன்று வந்தது. சுகாதார அட்டையை வாசலில் காட்டினால் உங்கள் பெயருக்கு ஒரு டோக்கன் வரும். டோக்கனை நாற்காலியின் கைப்பிடியில் செருகினால்தான் அது சாயும். நீங்கள் சாய்ந்து சவரம் செய்துகொள்ளும் ஐந்து நிமிடத்தில், உங்களுக்குத் தெரியாமல் அது உங்கள் வயிற்றுக்குள் காது வைத்துக் கேட்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷ் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார்.

“வயித்துக்கு நடுவுல, முதுகெலும்பை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு கீழ எறங்குதுங்க. நம்ம கட்டைவெரல் கனம் இருக்கும். வயசானா சில பேருக்கு அது பலூனாட்டம் ஊதிக்குமாமுங்க. வலிக்காது, காச்சல் வராது, ஒண்ணுந் தெரியாது. ஒரு நாளைக்கு வெடிச்சா ஆஸ்பத்திரி வாசலுக்குப் போறதே கஷ்டம். பீடி சிகரெட்டு குடிச்ச ஆம்பளைங்க, அதுலயும் அறுபத்தஞ்சு தாண்டுனவங்களுக்கு ஜாஸ்தியாமா.”

“யாரு சொன்னா உனக்கு?” என்று யாரோ கேட்டார்கள்.

“மூணு நாள் பயிற்சி குடுத்தாங்க. ஒரு காக்கிப் பை கூடக் குடுத்தாங்க, பாருங்க.”

“முடி வெட்ட வந்தாத் தலையைப் பாரு சந்தோசு. வயித்துல உனக்கென்ன வேலை?”

கடையே சிரித்தது. அப்படிக் கேட்டவன் நான்தான். சிரித்தவர்களில் நீங்களும் உண்டு.

அதோடு விட்டிருந்தால் அது வெறும் பேச்சாகப் போயிருக்கும். நான் பத்திர எழுத்தன். நாற்பது வருடம் ஓட்டையில்லாமல் எழுதியே பழகியவன். மறுநாள் உட்கார்ந்து, அந்த நாற்காலிக்குக் கட்டுப்பாடு கேட்டு மனுவை எழுதினேன். என் கோரிக்கைகளை அரசாங்கம் ஒரு எழுத்து மாற்றாமல் விதியாக்கியது. இந்தக் கதைக்கு வேண்டியது அவற்றில் நான்கு. நான்காம் விதிப்படி நாற்காலி சொல்லும் முடிவு டோக்கனுக்கு உரியவருக்கே சொந்தம், அவருடைய கைப்பேசிக்கு மட்டுமே போகும். ஐந்தின்படி, பதிவான முடிவை எந்த அதிகாரியும் பின்னால் திருத்தக் கூடாது. ஏழின்படி, ஒருவர் முடிவை இன்னொருவர் வெளியே சொன்னால் குற்றம். எட்டாம் விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்படி யாராவது சொன்னால் பாதிக்கப்பட்டவர் பெயரில் புகார் தானாகவே பதிவாகிவிடும். யாராவது மிரட்டி வாபஸ் வாங்கவைப்பார்கள் என்பதால், புகார் கொடுத்தவரே நினைத்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது. எனக்குப் பேருந்து நிலையத்தில் மாலை போட்டீர்கள். அந்தப் படம் இன்னும் என் மேசை மேல் இருக்கிறது.

மாலை போட்ட பிறகும் என் அட்டையைக் காட்டி நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை; என்னைப் பார்த்து உங்களில் சிலரும் உட்காரவில்லை. வீட்டிலேயே மின்சார ரேசர் வைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு வைகாசி. என் மைத்துனன் மகளுக்கு நிச்சயதார்த்தம். விடிந்தால் ரேசர் ஓடவில்லை. ஐந்து நாள் தாடியோடு வந்தால் தன் அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது என்று என் மனைவி கோகிலவாணி விரட்டினாள். சலூனில் பத்துப் பேர் காத்திருந்தார்கள்.

அந்தச் சலூனில் ஒரு வழக்கம் உண்டு. முறைக்குக் காத்திருந்தவர் அவசரமாக எழுந்து போக நேர்ந்தால், தன் டோக்கனைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டுப் போவார். அடுத்து அவசரமாக வருகிறவர் அதை எடுத்துக்கொள்ளலாம். யார் போட்டது, யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. காது நாற்காலி வருவதற்கு முன்பிருந்தே இருந்த வழக்கம். அது வந்த பிறகும் யாரும் மாற்றவில்லை. ஊர் மொத்தத்துக்கும் ஓட்டையில்லாத விதி எழுதிய எனக்கு அந்த டப்பா மட்டும் கண்ணில் படவே இல்லை.

டப்பாவில் ஒரு டோக்கன் கிடந்தது. எடுத்தேன்.

“ஏனுங் சார், கடைசியில நம்ம நாற்காலிக்கே வந்துட்டீங்க,” என்றார் சந்தோஷ்.

“என் பேர்ல உட்கார்ந்தாத்தானே அது என்னைக் கேட்கும்? இப்ப யாரையோ கேட்டுக்கட்டும்.”

சாய்ந்தேன். சவரம் ஆயிற்று. அவசரத்தில் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டை மறந்து வைத்துவிட்டுப் போனேன்.

அந்த டோக்கன் லோகநாதனுடையது. தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவர், அப்போது ஐம்பத்தெட்டு வயது. ராம்நகரில் குழாய் உடைந்தது என்று அழைப்பு வந்ததால் டோக்கனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவரை வண்டியாகத்தான் தெரியும். வாரம் ஒரு முறை எங்கள் தெருவில் ஹாரன் அடிப்பார்.

அன்று மதியம் அவர் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. “வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம். அகலம் 6.1 சென்டிமீட்டர். இன்றே மருத்துவமனை செல்லவும். பளு தூக்க வேண்டாம்.”

அவர் வீட்டில் அழுகை. மறுநாள் காலை மனைவியோடு கோவைக்குப் போயிருக்கிறார். ஸ்கேன் செய்த டாக்டர் நஸ்ரின் இரண்டு முறை பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒன்றுமில்லை, 1.8 தான். குழந்தை மாதிரி இருக்கு,” என்றாராம். வேறு யாராக இருந்தாலும் சாமிக்குச் சூடம் ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். மெஷின் பொய் சொல்லிவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லியிருப்பேன். லோகநாதன் எழுந்திருக்கவில்லை.

“டாக்டரம்மா, அந்த நாற்காலி இப்படித் தப்பாச் சொல்லுமுங்களா?”

“ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே சொல்லும். ஒன்றே முக்காலை ஆறுன்னு சொல்லாது.”

“ஆனா நேத்து நான் அதுல உக்கோரவே இல்லீங்களே. டோக்கனை டப்பாவுல போட்டுட்டுப் போயிட்டனுங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாராம். “அப்படின்னா ஆறு சென்டிமீட்டரோட ஒருத்தர் உங்க ஊர்ல நடமாடிட்டிருக்கார். அவருக்கே தெரியாது.”

“யாருன்னு நீங்க பாத்துச் சொல்ல முடியாதுங்களா?”

“நாற்காலி உருவத்தை வெச்சுக்காது. விதி அப்படி.”

ஊர் திரும்பியதும் லோகநாதன் வீட்டுக்குக்கூடப் போகாமல் சலூனுக்குத்தான் போனார். சந்தோஷுக்கு யார் என்று தெரியும். சொன்னால் கடை உரிமம் போகும் என்பதும் தெரியும். சுவரில் ஏழாம் விதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், நம் மனு செய்த கைங்கரியம். வெகுநேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தாராம். பிறகு இழுப்பறையைத் திறந்து என் கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினார்.

“யாரு உக்காந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. ஆனா நேத்து இதை ஒருத்தர் மறந்துட்டுப் போயிட்டாரு. உள்ள பேரு அட்ரஸ் எல்லாம் எழுதி வெச்சிருக்காரு. போற வழியில குடுத்துட்டுப் போயிருங்க.”

கூட்டுக்குள் என் பெயரும் கதவு எண்ணும் இருந்தன. எதிலும் பெயர் எழுதி வைப்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

மறுநாள் காலை எங்கள் முறை இல்லாத நாளில் டேங்கர் வந்து நின்றது. நான் தோட்டத்துக்கு உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். லோகநாதன் ஓடி வந்து மூட்டையைக் கையிலிருந்து பிடுங்கினார்.

“கீழ வெய்யுங்க சார். மொதல்ல உக்கோருங்க.”

என்னவோ ஏதோ என்று உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். கேட்டதும் எனக்கு வந்தது பயம் அல்ல, கோபம். உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

“லோகநாதன், நீங்க இப்ப பண்ணினது என்னன்னு தெரியுதா? ஏழாம் விதிப்படி குற்றம். எழுதினவனே நான்தான்.”

“கேஸ் போடுங்க சார். போடறதுக்கு நீங்க இருக்கோணுமில்லீங்க?”

“எனக்கு ஒரு வலியும் இல்லை. காலையில நாலு இட்லி சாப்பிட்டேன்.”

“வலி இருக்காதாமுங்க. அதுதான் அதோட வேலையேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க சிகரெட் குடிப்பீங்களா?”

“விட்டு ஒன்பது வருஷம் ஆச்சு.”

“அதுக்கு முன்னால?”

முப்பது வருடம். பத்திரப் பதிவு அலுவலக வாசலில் காத்திருக்கிறவனுக்கு வேறு என்ன துணை? கோகிலவாணி உள்ளேயிருந்து வந்தாள்.

“ஏனுங்க, மாமா எப்படிப் போனாருன்னு இவருகிட்டச் சொல்லுங்க.”

மாமா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அறுபத்தேழு வயதில் ஒரு கல்யாணப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். முதுகு பிளக்கிறது என்றார். வாயு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். கை கழுவி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வாயு நெஞ்சில் அடைத்தது என்றே இத்தனை வருடம் சொல்லி வந்தோம்.

லோகநாதன் தலையிலிருந்த துண்டை எடுத்துவிட்டார். “சார், அப்பா அண்ணன் தம்பிக்கு இருந்தா நமக்கும் வர வாய்ப்பு ஜாஸ்தின்னு அந்தம்மா சொன்னாங்க. நான் கெஞ்சிக் கேக்கறேன். வாங்க.”

அப்போது எனக்கு அறுபத்தெட்டு.

வாடகைக் கார் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றது. லோகநாதன் காத்திருக்கவில்லை. தண்ணீரோடு போனால் வண்டி குலுங்கும் என்று, எங்கள் தொட்டியிலும் பக்கத்து மூன்று வீட்டுத் தொட்டிகளிலும் திறந்துவிட்டார். அந்த இருபது நிமிடத்தில் நான் பீரோச் சாவி எங்கே, வீட்டு வரி ரசீது எங்கே என்று ஒரு தாள் எழுதி கோகிலவாணியிடம் கொடுத்தேன். அவள் அதைப் படிக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தாராபுரத்திலிருந்து கோவை வரை காலி டேங்கரில், ஒவ்வொரு வேகத்தடைக்கும் நின்று நின்று, நாற்பதுக்கு மேல் போகாமல் அழைத்துக்கொண்டு போனார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை எல்லாம் திட்டினார். எனக்குக் கேட்கக் கூடாதென்று தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டித் திட்டினார்.

ஸ்கேன் 6.1 என்றது. நாற்காலி அரை மில்லிமீட்டர்கூடத் தவறவில்லை.

“தொடை இடுக்கு வழியா ரத்தக்குழாய்க்குள்ள ஒரு உறை கொண்டுபோய் வெச்சுடுவோம்,” என்றார் டாக்டர் நஸ்ரின். “சைக்கிள் டயருக்குள்ள டியூப் மாதிரின்னு வெச்சுக்குங்க. ரத்தம் டியூப்ல ஓடும், டயருக்கு அழுத்தம் இருக்காது. வயித்தைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனா வருஷா வருஷம் வந்து காட்டணும்.”

“விட்டிருந்தா?”

“நாள் சொல்ல முடியாது. அந்த உரமூட்டையைத் தூக்கி முடிச்சிருப்பீங்களான்னு எனக்குத் தெரியலை.”

உறை வைத்த நான்காம் நாள் என் காலாலேயே நடந்து வீட்டுக்குள் நுழைந்தேன். நன்றியாகத்தான் இருந்தேன். அந்த நன்றியிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று நினைத்ததுதான் வினையாகிவிட்டது.

மருத்துவமனைப் படிவத்தில் ஒரு வரி இருந்தது: “வீக்கம் பற்றி முதலில் தெரிவித்தவர்.” மற்றவர்கள் அதைக் காலியாக விடுவார்களாம். நான் எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டதில்லை. முத்தான கையெழுத்தில் நிரப்பினேன். “திரு. லோகநாதன், டேங்கர் ஓட்டுநர். அவருக்கு வழிகாட்டியவர் திரு. சந்தோஷ், நியூ ஸ்டைல் சலூன். இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.”

அந்தப் படிவத்தின் பிரதி அரசாங்கத்துக்கும் போகும் என்பது எனக்குத் தெரியாது; பத்தாம் நாள் நோட்டீஸ் வந்தது. புகார்தாரர்: சென்னியப்பன். எதிரிகள்: லோகநாதன், சந்தோஷ். குற்றம்: ஏழாம் விதி மீறல். எட்டாம் விதிப்படி இப்புகாரைத் திரும்பப் பெற இயலாது.

சலூன் கதவில் சீல் வைத்துவிட்டார்கள். நான் போய் நின்றபோது சந்தோஷ் எதிரே வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன்.

“வயிறு எப்படி இருக்குங் சார்?” என்றார். அவ்வளவுதான்.

அன்று முதல் விசாரணை நாள் வரை நான் எழுதிய விதிகளையே உட்கார்ந்து படித்தேன், ஓட்டை தேடி. நாற்பது வருடம் ஓட்டையை அடைத்துச் சாப்பிட்டவன், ஒரே ஒரு ஓட்டையாவது விட்டிருக்க மாட்டேனா என்று கடவுளை வேண்டிக்கொண்டேன். பதினோராம் நாள் கிடைத்தது.

திருப்பூரில் விசாரணை. அதிகாரி ஒரு அம்மையார், கண்டிப்பானவர்.

“அம்மா, நான்காம் விதிப்படி முடிவு டோக்கனுக்கு உரியவருக்கே சொந்தம்,” என்றேன். “டோக்கன் லோகநாதன் பெயரில். ஆகவே 6.1 என்ற முடிவும் அவருடையது. தன் முடிவைத் தானே இன்னொருவரிடம் சொல்வது எந்த விதியிலும் குற்றமில்லை. சந்தோஷ் சொன்னது ஒன்றுமே இல்லை, கண்ணாடிக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் குற்றமில்லை.”

அம்மையார் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. “யார் எழுதினாங்களோ, இறுக்கமா எழுதியிருக்காங்க. நீங்க சொல்றது சரி. வழக்கு நிற்காது.”

நான் லோகநாதனைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தேன்.

“ஆனா ஒண்ணு,” என்றார் அம்மையார். “அப்படின்னா இந்த வீக்கம் லோகநாதனுடையதுன்னே பதிவுல நிக்கும். ஐந்தாம் விதிப்படி யாரும் திருத்த முடியாது. வேற ஸ்கேன்ல இல்லைன்னு வந்தாலும் இந்தப் பதிவு அழியாது. அஞ்சரை சென்டிமீட்டருக்கு மேல பதிவு இருக்கிறவருக்குக் கனரக வாகன உரிமம் கிடையாது. லோகநாதன், உங்களுக்குப் புரியுதா? அது உங்க முடிவுன்னு ஒத்துக்கிட்டா டேங்கர் ஓட்ட முடியாது. ஒத்துக்காட்டி உங்க ரெண்டு பேர் மேலயும் வழக்கு நடக்கும். சலூன் திறக்காது.”

நான் ஓட்டை என்று நினைத்தது ஓட்டையே அல்ல. எழுந்து நின்று, “வேண்டாம் அம்மா, நான் வேறு வழி பார்க்கிறேன், நாள் கொடுங்கள்,” என்றேன்.

லோகநாதன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

“இருக்கட்டுமுங் சார். பேருதானுங்க. வீக்கத்தை நீங்க சொமந்தீங்க, பேரை நான் சொமக்கறேன். சந்தோசு கடை தொறக்கோணும். அந்த நாற்காலியில இன்னும் எத்தனை பேரு உக்கோரோணும்.” அதிகாரியைப் பார்த்து, “என்னுதுதானுங்கம்மா,” என்றார்.

அன்று மாலையே சீலை எடுத்தார்கள். முப்பத்தொரு வருடம் ஓட்டிய வண்டியின் சாவியை லோகநாதன் மறுநாள் ஒப்படைத்தார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் இப்போது நீரேற்று நிலையத்தில் வால்வு திறந்து மூடுகிறார். வண்டியில் உட்கார்ந்தே இடுப்பு போயிருந்தது, இப்போது தேவலை என்கிறார். உண்மையாகவும் இருக்கலாம், எனக்காகச் சொல்வதாகவும் இருக்கலாம். அந்தச் சந்தேகத்தோடுதான் தினமும் காலையில் காபி குடிக்கிறேன். அதையும் நன்றியின் ஒரு பகுதி என்றே வைத்திருக்கிறேன். சந்தோஷ் பிஸ்கட் டப்பாவை எடுத்துவிட்டார். இந்த மூன்று வருடத்தில் அந்த நாற்காலி நம் ஊரில் ஏழு பேருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. யார் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஏழு பேரும் நடமாடுகிறார்கள் என்று மட்டும் சந்தோஷ் சொன்னார்.

ஐந்தாம் விதியையும் எட்டாம் விதியையும் மாற்றக் கேட்டு ஒரு புதிய மனு எழுதியிருக்கிறேன். இதோடு இணைத்துள்ளேன். கையெழுத்திடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் அறுபத்தைந்து தாண்டியவர்கள், எப்போதாவது புகைத்தவர்கள், அப்பனோ அண்ணனோ தம்பியோ திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு போன வீட்டுக்காரர்கள், இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போய் அந்த நாற்காலியில் சாயுங்கள். உங்கள் சொந்த அட்டையைக் காட்டிச் சாயுங்கள். உங்கள் டோக்கனை எடுக்கப்போகிறவர் பக்கத்தில் இன்னொரு லோகநாதன் இருப்பார் என்று என்னால் உறுதி கூற முடியாது.

இன்னும் எழுத நினைத்திருந்தேன். வாசலில் ஹாரன் கேட்கிறது. டேங்கரை ஒப்படைத்தபோது லோகநாதன் அதன் ஹாரனை மட்டும் கேட்டு வாங்கித் தன் மொபெட்டில் மாட்டிக்கொண்டார். தெருவில் இப்போதும் பெண்கள் குடத்தோடு வெளியே வந்துவிட்டுத் திட்டிக்கொண்டே உள்ளே போகிறார்கள். வருடாந்தரப் பரிசோதனைக்கான செய்தி அவர் கைப்பேசிக்குத்தான் வரும், என்னுடையதுக்கு வராது. நாற்காலிப் பதிவைப் பார்த்துத்தான் அதை அனுப்புகிறார்கள், பதிவு அவர் பெயரில் அல்லவா இருக்கிறது. மூன்று வருடமாக அவர் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சத்தம் போடுகிறார்:

“சார், எழுதினது போதும், கெளம்புங்க! நம்ம வயித்துக்கு நாள் வந்துருச்சு!”